சுருக்கென்றால் கூடையை இறக்கு

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிசியோக்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "சார், வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டால் போதாதா?" போதும். பரீட்சை பாஸ் பண்ணப் போதும். அரங்கமே பார்த்துக்கொண்டிருக்கும்போது தரையில் கிடக்கிறவனிடம் போய் அதைக் கேட்டால் என்ன சொல்வான் என்று நினைக்கிறீர்கள்? ஆட ஆசை இருந்தால் இரண்டு என்பான். தோற்றுக்கொண்டிருந்தால் ஒன்பது என்பான். ஒருத்தர் எல்லா வருடமும், எல்லா மூட்டுக்கும், ஆறு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விசாரித்துப் பார்த்தால் ஆறு அவருடைய ராசி எண்ணாம்.

எனக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். தொழில்முறை டென்னிஸ் போட்டிகளில் பிசியோவாக வருடக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இப்போது ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டேன். நான் போட்டி நடத்துகிறவர்களின் பிசியோ. எந்த ஆட்டக்காரருக்கும் சொந்தமில்லை. வலைக்கு இந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கம் விழுந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவன் நான்தான். இந்த வேலையில் நான் செய்த பெரிய தப்பு ஒன்று, சரியாகச் செய்த பெரிய காரியம் ஒன்று. இரண்டும் ஒரே கெண்டைக்காலில் நடந்தவை.

அந்தக் கெண்டைக்கால் ஏழுமலையுடையது. கல்வராயன் மலையடிவாரத்துப் பையன். அப்பா இல்லை, அம்மா கூலி வேலை. ஓட்டத்தைப் பார்த்து ஒரு விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொண்டார்கள், அங்கே டென்னிஸ் மட்டையைக் கையில் கொடுத்தார்கள், அப்படி வந்தவன். இரட்டையர் ஆட்டக்காரன். அவன் ஜோடி எரிக் என்கிற சுவீடன்காரன், நிலைப்படி இடிக்கிற உயரம். எரிக்குக்குத் தமிழ் தெரியாது, ஏழுமலைக்கு இங்கிலீஷ் அரைகுறை. கோர்ட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே குறைவு. அந்த ஜோடி ஆடுவதைப் பார்த்தால் பேச்சு எதற்கு என்று தோன்றும்.

அரங்கத்துக்குள் இருபது பேர் இருபது மொழி பேசும்போது, நம் பக்கத்துப் பேச்சு ஒன்று காதில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. முதல்முறை அவன் என்னைப் பார்த்து, "சார் எந்த ஊருங்க?" என்று கேட்டபோது நைனார்பாளையம் என்றேன். "அட, நம்ம சின்னசேலம் பக்கம்" என்று சிரித்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேர் ஒரே ஊர்க்காரர்கள் என்றால் மற்றவர்கள் கண் நம் மேல்தான் இருக்கும். அதனால் கோர்ட்டில் அவனிடம் மற்றவர்களைவிட ஒரு சொல் குறைவாகவே பேசுவேன்.

அந்தக் குறைவில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு கோடைக்காலப் போட்டி. இரண்டாவது செட்டில் ஏழுமலை என்னைக் கூப்பிட்டான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "ஒண்ணும் இல்ல சார். லேசா சுருக்குங்குது, கெண்டைல." அழுத்திப் பார்த்தேன். முகத்தைச் சுளித்தான், பெரிதாக இல்லை. பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். "ரெண்டு சார்." ஒண்ணும் இல்லை, லேசா, இரண்டு. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தின. ஆடலாம் என்றேன்.

மூன்று கேம் கழித்து அவன் முன்னால் ஓடியபோது எனக்கே கேட்டது அந்தச் சத்தம். தசை கிழிந்துவிட்டது. சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுபோனார்கள். அந்த வருடம் அவனும் எரிக்கும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். வருடக் கடைசியில் நடக்கிற சாம்பியன்ஷிப்புக்கு எட்டு ஜோடிக்குத்தான் இடம். வருடம் முழுக்க ஆடிச் சேர்த்த புள்ளிகளை வைத்து எடுப்பார்கள். இவர்களுக்கு அந்த இடம் கிடைக்கும் என்றிருந்தது. அவன் கால் போனதும் அதுவும் போயிற்று. வேறு ஜோடி தேடிக்கொள்ளச் சொல்லி எரிக்கிடம் பல பேர் சொன்னார்கள். "காத்திருக்கிறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை. என் அறிக்கையில் எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுதியதெல்லாம் சரி, ஆள் மட்டும் படுக்கையில்.

விடுமுறைக்கு வந்தபோது கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறி, மலை ஏறுவதற்கு முன்னாலேயே அவன் வூட்டாண்ட இறங்கினேன். அவன் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் நடை பழகிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டான், ஏதோ அவன் தப்பு செய்துவிட்டது போல. நான் அதைவிட வெட்கப்பட்டேன்.

மத்தியானம் அவன் அம்மா வேலையிலிருந்து வந்தார். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கும் பருவம். கையெல்லாம் மண். கழுவிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீங்கதான் அன்னிக்கு இவன ஆடலாம்னு சொன்னதுங்களா?"

"ஆமாம்மா. நான்தான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய் வேகவைத்த கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டதும் கேட்டார்: "உங்ககிட்ட இவன் இன்னா சொன்னான்?"

"லேசா சுருக்குங்குதுன்னு சொன்னான்."

"சுருக்குன்னானா?" அவர் குரல் மாறியது. "சுருக்குன்னு சொன்னப்புறம் எப்படி சார் ஆட வுட்டீங்க?"

"லேசான்னு சொன்னானேம்மா."

"லேசா இன்னா, ஜாஸ்தி இன்னா சார்? சுருக்குன்னா சுருக்குதான்."

பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். கிழங்குக் கூடையைத் தலையில் வைத்து வயலிலிருந்து டிராக்டர் வரைக்கும் பெண்கள் வரிசையாக நடப்பார்கள். காலில் ஏதாவது வந்தால் பின்னால் வருகிறவளுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முட்டிக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அடுத்த காரியம்.

"இஸ்துக்கிச்சுன்னு சொன்னா, அது புடிப்பு. நின்னு ரெண்டு நீவு நீவிட்டு நடக்கலாம். நோவும், நோவட்டும். ஆனா சுருக்குன்னா அந்த எடத்துலயே கூடைய எறக்கிடணும். மேஸ்திரி கத்துவாரு. கத்தட்டும். சுருக்குன்னப்புறம் பத்தடி நடந்தவ பத்து நாளு வேலைக்கு வரமாட்டா."

நான் கிழங்கைக் கீழே வைத்துவிட்டேன். நான் படித்ததெல்லாம் இங்கிலீஷில். அதில் இரண்டுக்கும் பெயர் உண்டு, சோதனையும் உண்டு. ஆனால் அடிபட்டவன் தன் மொழியில் அதைச் சொல்லிவிட்டான், நான்தான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த 'லேசா'வை மட்டும் காதில் வாங்கினேன். எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என்ன செய்கிறது என்று கேட்கவில்லை. புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழுமலையும் பக்கத்தில்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அது அம்மாவுக்கு உறைத்திருக்க வேண்டும். என்னை பஸ் ஏற்ற ரோடு வரைக்கும் தனியாக வந்தார்.

"சார், இனிமே இவன் வாயிலேர்ந்து சுருக்குன்னு வராது. சொன்னா நீங்க நிறுத்திடுவீங்கன்னு தெரிஞ்சிக்கினான் இல்ல? ஆடணும்னா எத்த வேணா சொல்லுவான். நீங்க அவன் கையப் பாருங்க."

"கையா?"

"இஸ்துக்கினா நாம நெனைக்கறதுக்கு முன்னாடி கை அங்க போயி நீவும். சுருக்குன்னா போவாது. போற மாதிரி போயி, கிட்ட போனதும் நின்னுக்கும். தொடறதுக்கு பயப்படும்."

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு நாற்காலியில் ஏழுமலையின் இரண்டு கையும் எங்கே இருந்தன? முழங்காலுக்கு மேல், துண்டைப் பிடித்துக்கொண்டு. கெண்டைக்கால் பக்கமே போகவில்லை.

அடுத்த வருடம் அவர்கள் இரண்டு பேரும் ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. எட்டு ஜோடிகளில் எட்டாவதாக உள்ளே வந்தார்கள். நான்கு நான்காகப் பிரித்து ஆடவிட்டதில் ஒன்றில் தோற்று இரண்டில் ஜெயித்தார்கள். அரையிறுதியும் தாண்டிவிட்டார்கள். இறுதி ஆட்டத்துக்கு நான்தான் பிசியோ.

ஐரோப்பாவில் ஒரு குளிர்கால மதியம், கூரை போட்ட அரங்கம். முதல் செட்டை இவர்கள் விட்டுவிட்டார்கள். இரண்டாவது செட்டில் ஐந்துக்கு நான்கு முன்னிலை. எரிக் சர்வ் போடுகிறான், முப்பதுக்கு முப்பது. இன்னும் இரண்டு புள்ளி எடுத்தால் செட் இவர்களுக்கு. அதற்கடுத்த பந்துக்கு எகிறி இறங்கிய ஏழுமலை அப்படியே மடங்கி விழுந்தான். நல்லவேளை, அந்தப் பந்து செல்லாது, வலையில் உரசிய சர்வ். ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. இடது கெண்டைக்கால்.

நடுவர் என்னைக் கூப்பிட்டார். ஓடினேன். போட்டியின் டாக்டரும் பின்னால் வந்தார்.

விதி உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காயம் என்றால் மூன்று நிமிடம் ஆட்டத்தை நிறுத்திச் சிகிச்சை கொடுக்கலாம். தசைப்பிடிப்பு என்றால் நிறுத்தக் கூடாது, உடனே எழுந்து ஆட வேண்டும். பக்கம் மாறும்போதோ செட் முடியும்போதோதான் காலைத் தொடலாம். இரண்டில் எது என்று சொல்ல வேண்டியவன் பிசியோ.

கிழிசல் என்றால் நான் அவனை எழுந்திருக்கவே விடக் கூடாது. பழைய இடத்திலேயே இன்னொரு தடவை கிழிந்தால் அவன் மட்டையை மாட்டிவைக்க வேண்டியதுதான். பிடிப்பு என்றால், நான் பயந்து நிறுத்தினால், வருடம் முழுக்க உழைத்த இரண்டு பேரின் கோப்பையை நானே பிடுங்கினவன் ஆவேன்.

"இஸ்துக்கிச்சு சார்," என்றான் ஏழுமலை. நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னான். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்.

அவன் அம்மா சொன்னது அப்படியே நடந்தது. இது நிஜமா, எனக்காகத் தயாரித்த பதிலா? அதற்குள் வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதிர் ஜோடியின் தாடிக்காரர் நடுவரிடம் வந்துவிட்டார். "இவர்கள் இரண்டு பேரும் ஒரே ஊர். என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" நடுவர் குனிந்து என்னைப் பார்த்தார். இங்கிலீஷில் பேசும்படி சொன்னார்.

சுருக்கென்று வந்தது எனக்கு, நெஞ்சில். ஆனால் தாடிக்காரர் கேட்டதில் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். இங்கிலீஷில் கேட்டேன். "டைட் சார், டைட்" என்றான் ஏழுமலை. அந்த ஒரு சொல்லில் இரண்டுமே அடங்கும். இனி வார்த்தையை வைத்து ஒன்றும் ஆகாது.

டாக்டர் என் காதருகே மெதுவாகச் சொன்னார்: "காயம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று நிமிடம் கிடைக்கும். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்." நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில் சொன்னார். அப்படிச் சொல்லியிருந்தால் என் அறிக்கை மறுபடியும் சரியாக இருந்திருக்கும்.

நான் கையைப் பார்த்தேன்.

அவன் கண் நடுவர் மேல் இருந்தது. ஆனால் இரண்டு கையும் இடது கெண்டைக்காலைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தன. மாவு பிசைகிற மாதிரி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. தான் அதைச் செய்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. நானும் பழைய கிழிசல் இருந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன், பாதத்தை மடக்கிப் பார்த்தேன். நம் படிப்பும் தன் பங்குக்கு ஆமாம் என்றது.

எழுந்து நின்று நடுவரிடம் சொன்னேன்: "தசைப்பிடிப்பு. காயம் இல்லை. ஆட்டம் தொடரலாம்."

தாடிக்காரரின் வாய் திறந்தபடி நின்றது. டாக்டர் என்னை விநோதமாகப் பார்த்தார். எரிக் இரண்டடி முன்னால் வந்து, "அவனால் நிற்கவே முடியவில்லை, மூன்று நிமிடம் கூடக் கொடுக்க மாட்டீர்களா?" என்று கேட்டான். அவன் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பொய் சொல்லி மூன்று நிமிடம் வாங்கிக் கொடுப்பது என் வேலை இல்லை. வலைக்கு அந்தப் பக்கமும் இரண்டு பேர் வருடம் முழுக்க உழைத்திருந்தார்கள்.

ஏழுமலையைக் கைதூக்கி விடும்போது என் வாயில் தமிழ்தான் வந்தது. "எழுந்திரு. கூடைய எறக்க வேணாம்."

அவன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். முதல்தடவையாக என் கண்ணைப் பார்த்தான். "செரி சார்," என்றான்.

"இப்போது என்ன சொன்னீர்கள்?" என்று தாடிக்காரர் கேட்டார். கூடையைக் கீழே வைக்க வேண்டாம் என்று சொன்னேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். நடுவர் அதை இரண்டு தடவை கேட்டு, விட்டுவிட்டார்.

எரிக் கோபத்தை எல்லாம் அடுத்த சர்வில் காட்டினான். பந்தை யாரும் தொடவில்லை. நாற்பதுக்கு முப்பது. அடுத்த பந்துக்கு ஏழுமலை வலைக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். அவனால் ஓட முடியாது என்று தெரிந்த எதிராளி அவனுக்கு எட்டாதபடி பக்கவாட்டில் தள்ளிவிட நினைத்து, கொஞ்சம் அருகிலேயே அடித்துவிட்டார். இவன் நகரவில்லை. மட்டையை மட்டும் நீட்டினான். பந்து வலைக்கு அந்தப் பக்கம் சொத்தென்று விழுந்து செத்தது. செட் இவர்களுக்கு.

இப்போது விதிப்படியே எனக்கு நேரம் கிடைத்தது. பையோடு ஓடிப்போய், அவன் காலை என் தொடைமேல் போட்டு இழுத்து நீவினேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்தேன். எரிக் பக்கத்து நாற்காலியில் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். பிடிப்பு என் விரலுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "போய்க்கினே கீது சார்," என்று சிரித்தான் ஏழுமலை.

மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, முதலில் பத்துப் புள்ளி எடுக்கிறவர்களுக்கு ஜெயம். நான் மூலையில் என் நாற்காலிக்குப் போய் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். நான் கைதட்டக் கூடாது. எந்தப் பக்கத்துக்கும் தட்டக் கூடாது. ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு, எட்டுக்கு எட்டு. எரிக் ஒன்று எடுத்து ஒன்பதுக்கு எட்டு. தாடிக்காரர் கெட்டிக்காரர். ஏழுமலையின் காலைச் சோதிக்க வேண்டும் என்று அவன் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிவிட்டார்.

அவன் திரும்பினான். பின்னால் மூன்று எட்டு வைத்தான். இடது காலை ஊன்றி, அதே காலை ஊன்றி, எகிறினான். அரங்கம் முழுக்க பந்தைப் பார்த்தது. நான் ஒருத்தன்தான் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டுக் கீழே இறங்கினான், தடுமாறினான், இடது கை நேராகப் போய்க் கெண்டைக்காலை ஒரு நீவு நீவியது. அப்புறம்தான் எனக்குக் கூட்டத்தின் சத்தம் கேட்டது. பந்து எப்போதோ எதிராளிகள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து போய்விட்டிருந்தது.

எரிக் அவனை அப்படியே தூக்கிவிட்டான். தூக்கிக்கொண்டே என் நாற்காலிப் பக்கம் வந்து, என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான். அவன் ஊரில் அது மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். தோள் இரண்டு நாள் வலித்தது. பத்துக்கு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. தாடிக்காரரும் வந்து கைகொடுத்தார். "காயம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் பெரிய சண்டை போடத் தயாராக இருந்தேன்," என்றார். "அது இருக்கட்டும், கூடை என்பது என்ன?" சாவகாசமாகச் சொல்கிறேன் என்றேன்.

பரிசு கொடுத்து முடிந்ததும் ஏழுமலை சிகிச்சை அறைக்கு வந்தான், கையில் கோப்பையோடு. அங்கே மதியம், நம் ஊரில் பொழுது சாய்கிற நேரம். அம்மா வேலையிலிருந்து வந்திருப்பார் என்று வீடியோவில் கூப்பிட்டான். போனை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"எம்மா, தெரிதா? ஜெயிச்சிட்டோம்மா."

அவர் போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கனமா கீதாடா அது?"

"நல்ல கனம்மா."

"ஜெயிச்சிட்ட இல்ல? அப்ப எறக்கி வையி. எம்மாம் நேரம் தலைல தூக்கிக்கினு நிப்ப, கால் இன்னாத்துக்கு ஆவறது?"

உலகத்தின் மிகச் சிறந்த எட்டு ஜோடிகளில் முதலாவதாக வந்தவன், மறுபேச்சுப் பேசாமல் கோப்பையைத் தரையில் இறக்கி வைத்தான்.

"சாரு கீறாரா? அவர கூப்புடு."

போனை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். "சொல்லுங்கம்மா."

"சார், இந்த வாட்டி கையப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"அப்ப செரி," என்றார்.

போனை ஏழுமலையிடம் கொடுத்துவிட்டு, ஆட்டக்காரர்களைப் படுக்கவைக்கிற அந்தக் கட்டிலில் நானே ஏறி உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.